அக்காவின் சருகுக் குவியல்

ஐப்பசி மழை பிடிக்கும் முன்பே எல்கடுவத் தேயிலைத் தோட்டத்திலிருந்து அக்காவின் அழைப்பு வந்துவிடும். "வந்துருச்சு தம்பி" என்பாள். யார் என்று நான் கேட்பதில்லை. ஆறுமணிக் குருவிதான். இந்தியாவிலிருந்து கடல் தாண்டி வந்து, காலையிலும் மாலையிலும் ஆறு மணியளவில் விசிலடித்துவிட்டு, மற்ற நேரமெல்லாம் சருகைக் கிளறிப் புழு தின்னும். முதுகு பச்சை, வயிற்றடி இரத்தச் சிவப்பு, வால் என்று சொல்லப் பெரிதாக ஒன்றுமில்லை. மாத்தளையில் ஒரு பாமசியில் ஆறு நாளும் மருந்து எடுத்துக் கொடுத்து, நின்று கால் கடுப்பவன் நான். ஏழாம் நாள் பைனாகுலரை மாட்டிக்கொண்டு பஸ் ஏறிவிடுவேன்.

அக்கா கொழுந்து பறிப்பவள். நாங்கள் பிறந்த அதே லயக்காம்பராவில்தான், தோட்டத்து வரிசை வீட்டின் அந்த ஒற்றை அறையில்தான், இன்னும் இருக்கிறாள். லயத்துக்குப் பின்னால், எங்கள் அப்பா கல் பொறுக்கிச் சீராக்கிய துண்டு நிலத்தில் போஞ்சியும் மிளகாயும் மரவள்ளியும் போட்டிருந்தாள். பலாச் சருகை எரிக்காமல் ஓரத்தில் குவித்து உரமாக்குவாள். குருவி வருஷம் தவறாமல் வந்தது அந்தக் குவியலுக்குத்தான். காட்டில் இல்லாத புழுவா என்று கேட்பவர்கள் ஒரு தடவை அந்தச் சருகைப் புரட்டிப் பார்த்திருக்க வேண்டும்.

பழைய துரை பங்களாவை ஹோட்டலாக மாற்றினார்கள். எனக்குக் குருவிகள் தெரியும் என்று யாரோ சொல்ல, விருந்தாளிகளைக் கூட்டிப்போய்க் காட்ட முடியுமா என்று அதன் மேனேஜர் கேட்டார். எனக்குத் தலைகால் புரியவில்லை. லயத்துப் பையன் என்று என்னைப் பார்த்த ஊர், கழுத்தில் பைனாகுலரும் பின்னால் நாலு வெள்ளைக்காரருமாக நான் நடப்பதைப் பார்க்கட்டும் என்றிருந்தது. நேரே அக்காவின் சருகுக் குவியலுக்கே கூட்டிப் போனேன். குருவி தத்தித் தத்தி வந்து நின்றது. கொழும்பிலிருந்து வந்திருந்த ஒரு அம்மா, இதுவும் உங்களைப் போல இந்தியாவிலிருந்து வந்ததுதானே என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதை நினைத்தால் இன்றைக்கும் வாய் கசக்கிறது.

அன்று திரும்பும்போது மேனேஜர் போஞ்சிக் கொடிகளைக் காட்டி, இது யாருடைய இடம் என்று சிங்களத்தில் கேட்டார். "எஸ்டேட் காணிதான் சேர்" என்றேன். யோசித்துச் சொன்னதல்ல. லயத்தில் வளர்ந்த யாரைக் கேட்டாலும் அதைத்தான் சொல்வார்கள். காம்பரா யாருடையது, எஸ்டேட்டுடையது. தண்ணீர் பிடிக்கிற பீலி யாருடையது, எஸ்டேட்டுடையது. எங்களுடையது என்று சொல்லிப் பழகாத வாய். கையில் ஒரு துண்டுக் காகிதமும் கிடையாது.

அடுத்த வருஷம் பங்குனியில் கம்பி வேலி வந்தது. கொடிகளைப் பிடுங்கி, சருகை வாரி எரித்து, சரளைக்கல் கொட்டிப் பாதை போட்டார்கள். குருவி பார்க்கும் பாதை என்று பலகையும் நட்டார்கள். அக்கா தோட்ட ஆபிசுக்குப் போய்க் கேட்டிருக்கிறாள். உன் தம்பியே அது எஸ்டேட் காணி என்று சொல்லிவிட்டானே, இப்போது எதற்கு வந்து நிற்கிறாய் என்று அனுப்பிவிட்டார்களாம். இதை எனக்குச் சொன்னது பக்கத்துக் காம்பராக்காரி. அக்கா சொல்லவில்லை.

இந்த ஐப்பசியில் அழைப்பு வரவில்லை. ஹோட்டலிலிருந்துதான் கூப்பிட்டார்கள். குருவி இரண்டு நாள் சரளைக்கல்லில் வந்து நின்றதாம், பிறகு காணோமாம், எங்கே போயிருக்கும் என்று மேனேஜர் கேட்டார். போய்த் தேடினேன். அரை மணியில் கண்டுபிடித்துவிட்டேன். கீழ்லயத்துக் கோயிலுக்குப் பின்னால், யாரும் கூட்டாத மூங்கில் சருகில் அது கிளறிக்கொண்டிருந்தது. அந்த நிலத்தை ஒட்டியும் யாரோ கத்தரி நட்டிருந்தார்கள். மேனேஜரிடம் தெரியாது என்று சொல்லிவிட்டு அக்கா வீட்டுக்குப் போனேன். மனதில் பெரிய காரியம் செய்த நினைப்பு.

அக்கா கடையில் வாங்கிய போஞ்சியை நறுக்கிக்கொண்டிருந்தாள். முற்றல் போஞ்சி. நான் நடந்ததைச் சொன்னேன். குருவி இருக்கும் இடத்தை இந்தத் தடவை யாருக்கும் காட்டிக் கொடுக்கவில்லை என்றேன். அவள் நார் உரிப்பதை நிறுத்தவில்லை.

"குருவிக்காகவாவது வாய மூடிக்கிட்டியே, நல்லது" என்றாள். "எனக்காக ஒரு தடவ தொறந்திருக்கலாம்."