கட்டிலுக்குச் சொன்ன ஆலோசனை

பிரசவ வார்டில் அவளைக் ‘காப்பர்-டி அக்கா’ என்றுதான் கூப்பிடுவார்கள். பதினாறு வருடமாகக் கருத்தடை ஆலோசகர். அவள் வாயைத் திறந்தால் வராந்தாவில் நிற்கும் ஆண்பிள்ளைகள் அடுத்த ஊருக்குப் போய்த்தான் மூச்சு விடுவார்கள்.

அன்று பதினான்காம் கட்டிலின் கேஸ் தாளைப் புரட்டினாள். ஏழாம் மாதத்திலேயே பிறந்த ஒன்றேகால் கிலோ குழந்தை. ஒன்பதாம் நாள்; தாய்க்கு டிஸ்சார்ஜ். ‘கருத்தடை ஆலோசனை தரப்பட்டது’ என்ற கட்டத்தில் டிக். கீழே கணவனின் கையெழுத்து.

“யாருக்குடி சொன்னே?” என்று புது நர்ஸைக் கேட்டாள்.

“கட்டில்ல இருந்தவங்களுக்குத்தான்க்கா.”

கட்டிலில் பெற்றவளின் மாமியார் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். குறைமாதத்தில் பெற்றவள் கட்டிலில் எங்கே இருப்பாள்? இரண்டு மணிக்கொரு தரம் பால் பீய்ச்சிக்கொண்டு, மிச்ச நேரம் குழந்தை இருக்கும் கண்ணாடிப் பெட்டியே கதி என்று கிடப்பாள். பெற்றவள் அங்கே, புத்திமதி இங்கே. இந்த வார்டின் லட்சணம் இதுதான். தூ!

“எல்லாம் கேட்டுக்கிட்டோம்மா. பால் குடுக்கறவளுக்குக் கரு எங்க தங்கும்? எனக்குத் தங்கலையே!” என்றார் மாமியார்.

“உங்க பிள்ளைங்களுக்குள்ள எத்தனை வித்தியாசம்?”

“எனக்கும் தம்பிக்கும் பதினோரு மாசம்!” பக்கத்தில் நின்ற கணவன் பெருமையாகச் சிரித்தபடி சொன்னான்.

அந்தச் சிரிப்பைப் பார்க்கப் பிடிக்காமல் அக்கா பால் பீய்ச்சும் அறைக்கு நடந்தாள்.

உள்ளே அந்தப் பெண் தனியாகக் குனிந்திருந்தாள்.

“குழந்தை இன்னும் வாய் வச்சுக் குடிக்கல. பால் பீய்ச்சறதால கரு தங்காதுன்னு நம்பி இருந்துடாதம்மா. உடனே தங்கினா அடுத்ததும் முன்னாடியே பொறக்கற பயம் ஜாஸ்தி. ஒன்றரை, ரெண்டு வருஷமாவது உடம்புக்கு ஓய்வு குடு.”

அவள் நிமிர்ந்தாள். “யாரும் சொல்லலையேக்கா. இன்னொரு தடவை அந்தப் பெட்டி பக்கத்துல என்னால உக்கார முடியாது.”

மாத்திரை, ஆணுறை, சில வாரம் கழித்துக் காப்பர்-டி என எல்லாவற்றையும் அக்கா சொன்னாள். கையில் தோலுக்கடியில் வைக்கும் கருத்தடைக் குச்சி என்றதும் அந்தப் பெண் இடைமறித்தாள்.

“பால் குறையுமா?”

“குறையாது. மாதவிலக்கு முன்னபின்ன வரும். வேண்டாம்னா எடுத்துடலாம்.”

“அவர் கையெழுத்து?”

“குச்சி அவர் கையிலயா வைக்கப்போறோம்?”

ஒன்பது நாளில் முதல்முறையாக அவள் சிரித்தாள். பாலை மூடிவைத்து எழுந்தாள். வாசலில் கணவன் வழிமறித்தான்.

“அதான் எல்லாம் பேசியாச்சே?”

“என்கிட்ட பேசலையே,” என்று அவனைத் தாண்டி, குச்சி வைக்கும் அறைக்கு நடந்தாள்.