பாப்பாவுக்காக ஒரு ஜெபக்குறிப்பு

தையல்காரம்மா சாத்தானுக்கு எல்லாக் கதவையும் அடைத்து வைத்திருந்தாள். டிவி சீரியல் கிடையாது, பக்கத்து வீட்டுப் புறணி கிடையாது, ஞாயிற்றுக்கிழமை மிஷினைத் தொடமாட்டாள். சபையில் பெண்கள் ஜெபக்கூட்டத்தைப் பன்னிரண்டு வருஷமாக நடத்துகிறவளும் அவள்தான். அவள் ஜெபிக்க ஆரம்பித்தால் கைக்குழந்தைகூட அழுகையை நிறுத்தும் என்பார்கள். அது அவள் காதிலும் விழும். அப்படியெல்லாம் சொல்லாதீர்கள் என்று ஒருநாளும் சொன்னதில்லை.

நாத்தனார் பாப்பா அதே தெருவுக்குக் குடிவந்த பிறகுதான் வினை. வயது நாற்பது ஆகியும் அண்ணன் கூப்பிட்ட செல்லப்பேரே நிலைத்துவிட்டது. மருந்துக்கடையில் வேலை. கூட்டத்தில் இரண்டே நிமிஷம் ஜெபிப்பாள், அலங்காரம் ஒன்றும் இருக்காது, ஆனால் எல்லாரும் மூக்கைச் சிந்துவார்கள். கொஞ்ச நாளில் யாருக்குக் காய்ச்சல் வந்தாலும் "பாப்பாக்காவ வரச்சொல்லுங்க" என்றார்கள். துணி கொடுக்க வந்தவளும் அந்தப் புராணத்தையே பாட, தையல்காரம்மா கேட்டுக்கொண்டே பேன்ட்டின் பாக்கெட் வாயையும் சேர்த்துத் தைத்துவிட்டாள். வயிறு எரிந்தது. எரியாமல் என்ன செய்யும்?

புறணி பேசமாட்டாள் என்றேனே, பேசவில்லைதான். ஜெபக்குறிப்பு கொடுத்தாள். வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் பாப்பாவைப் பக்கத்திலேயே உட்காரவைத்துக்கொண்டு, "நம்ம பாப்பாவுக்காக ஜெபிப்போம். எல்லாரும் தலையில தூக்கி வெச்சு ஆடுறோம். பாவம், பெருமை வந்து விழுந்துடக்கூடாது பாருங்க" என்றாள். எல்லாரும் பக்தியாகக் கண்ணை மூடினார்கள். புறணி என்றால் மறுத்துப் பேசலாம், ஜெபத்துக்கு ஆமென்தானே சொல்ல முடியும்? அன்றோடு பாப்பா கூட்டத்தில் வாய் திறக்கவில்லை. அவளைக் கூப்பிடுகிறவர்களும் குறைந்தார்கள். தையல்காரம்மாவுக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது.

ஆனால் வீட்டில் முழங்காலில் நின்றால் ஒரு வார்த்தை வரவில்லை. கூட்டத்தில் பழைய வாக்கியங்களையே ஒப்பித்தாள். மற்றவர்களுக்குத் தெரியவில்லை, அவளுக்குத் தெரிந்தது. இப்படியே மூன்று மாதம் ஓடியது.

அப்புறம் அவள் கணவருக்குக் கண் ஆபரேஷன் வந்தது. ஒரு கண்ணில் ஏற்கெனவே பார்வை போய்விட்டது, மிச்சம் இருப்பது இது ஒன்றுதான். ஆஸ்பத்திரியில் பச்சைச் சட்டை மாட்டிச் சக்கர நாற்காலியில் உட்காரவைத்ததும், கூட வந்திருந்த தங்கையைப் பார்த்து, "பாப்பா, ஒரு ஜெபம் பண்ணு" என்றார் மனுஷன். கட்டின பெண்டாட்டி பக்கத்திலேயே நிற்கிறாள்!

பாப்பா தலையைக் குனிந்துகொண்டாள். "என்னால முடியாதுண்ணா. எனக்குப் பெருமை வந்துடும்னு அண்ணி சொன்னதுலேருந்து வாயத் திறக்கவே பயமா இருக்கு. தனியாக்கூட ஜெபிக்கிறதில்ல."

தையல்காரம்மா தன் ஜெபம் மட்டும்தான் செத்துப்போச்சு என்று இத்தனை நாள் நினைத்திருந்தாள்.

"நீங்க பண்ணுங்க அண்ணி" என்றாள் பாப்பா.

நாற்காலி தள்ளுகிறவர் கடிகாரத்தைப் பார்த்தார். தையல்காரம்மா கண்ணை மூடினாள். "ஆண்டவரே, இவளுக்குப் பெருமை இல்ல. எனக்குத்தான் பொறாமை. இவ ஜெபிச்சா நீர் கேக்குறீரேன்னு பொறாமை. இப்பவும் இருக்கு. இவ வாய நான்தான் அடைச்சேன்..." நிற்காமல் வந்தது.

கணவர் பொறுத்துப் பார்த்தார். "ஏம்மா, எனக்குக் கண் ஆபரேஷன். அதையும் கொஞ்சம் சொல்லேன்."

சொல்லப் போனவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. பாப்பா அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "ஆண்டவரே, எங்க அண்ணன் கண்ணு..." என்று தானே ஆரம்பித்தாள். நன்றாகத்தான் ஜெபித்தாள். தையல்காரம்மாவுக்கு அப்போதும் நெஞ்சில் சுருக்கென்றது. சுருக்கென்றதோடேயே, சத்தமாக ஆமென் சொன்னாள்.