சரோஜா அக்காவைத் திட்டக் கூப்பிட்டேன்

இன்று காலை ஆயுள் காப்புறுதிக் கடிதம் வந்தது. மாதக் கட்டணம் மறுபடியும் ஏறியிருக்கிறது, என் தொப்பையைப் போல.

எனக்குப் போலிசி விற்ற நிபோங் திபால் ஊர் சரோஜா அக்காவுக்கு, வருடாவருடம் செய்வதுபோல், திட்டுவதற்காகப் போன் போட்டேன்.

மகள் எடுத்தாள்.

"அம்மா தவறி ஒரு மாசம் ஆச்சு அங்கிள். எப்பவும் நீங்க திட்டுறத ஸ்பீக்கர்ல போட்டு எங்களோட சேர்ந்து சிரிப்பாங்க."

"அக்காவோட போலிசிப் பணம் கெடைச்சிருச்சாம்மா?" என்று மட்டும் கேட்டேன்.

"அம்மாவுக்கே போலிசி இல்ல லா அங்கிள். ஏறிக்கிட்டே போகுதுன்னு போன வருஷம் நிறுத்திட்டாங்க. உங்ககிட்ட மட்டும் சொல்லக் கூடாதுன்னாங்க. தெரிஞ்சா நீங்களும் நிறுத்திடுவீங்களாம்."

உங்கள் ஏஜெண்டை இன்றே கூப்பிட்டுத் திட்டுங்கள். போனை வைப்பதற்கு முன், "நீங்க கட்டுறீங்களா?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.