மாமியார் எழுதி வைத்த மறுசோறு

என் மாமியாரைப் புண்ணியவதி என்கிறார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். ஸ்ரீரங்கத்தில் காவிரிப் படித்துறைக்குப் போகிற வழியில், அவள் பெயரால் தினமும் மத்தியானம் இலை போடுகிறார்கள். சாப்பிட்டவர்கள் அவள் படத்தைக் கையெடுத்துக் கும்பிடுகிறார்கள். நான் அவள் வீட்டில் சாப்பிட்டவள், எனக்குத் தெரியும் அந்தப் புண்ணியம். மரியாதைக்கு ‘அவர்’ என்று எழுதத்தான் பார்த்தேன். கை வரவில்லை.

ஐம்பதுகளின் நடுவில், மலைக்கோட்டைக்குக் கீழே ஒரு ஜவுளிக்கடைக் குடும்பத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்தேன். முன்னால் கடை, பின்னால் வீடு. மாமனார் அப்போதே இல்லை. முசிறியில் மாமியாருக்குப் பிறந்த வீட்டார் கொடுத்த நஞ்சை இருந்தது. அறுவடை முடிந்தால் மூட்டை மூட்டையாக வந்து இறங்கும். அதில் எலி தின்றது, வண்டு தின்றது. அரிசி அறைச் சாவி மட்டும் அவள் இடுப்பை விட்டு இறங்காது.

காலையில் அவளே உள்ளே போய் அரிசி அளப்பாள். அளக்கும்போது வாய்விட்டுச் சொல்வாள்: “பெரியவனுக்கு, சின்னவனுக்கு, கடைப் பசங்களுக்கு, எனக்கு, காக்காய்க்கு.” அவ்வளவுதான், படியைக் கவிழ்த்துவிடுவாள். மருமகள்கள் எங்கள் இரண்டு பேருக்கும் அளவு கிடையாது. மிஞ்சினால் உண்டு. அது அந்த வீட்டு வழக்கமாம், அவள் மாமியார் காலத்திலிருந்தே அப்படித்தானாம். “ஆக்குறவளுக்கு வாசனையிலயே பாதி வயிறு ரொம்பிடும்டி” என்பாள். கஞ்சர்களை எச்சில் கையால் காக்காய் ஓட்டாதவர்கள் என்று சொல்வார்கள். இவளை அப்படிச் சொல்ல முடியாது. காக்காய்க்குத் தினமும் நெய் விட்ட சோறு வைத்தாள்.

புருஷன் சாப்பிட்ட இலையில்தான் நான் உட்காருவேன். ஆரம்பத்தில் அவர் ஒரு கைப்பிடிச் சோற்றை ஓரமாக ஒதுக்கி வைத்துவிட்டு எழுந்திருப்பார். மாமியார் அதைப் பார்த்துவிட்டாள். “சோத்த மிச்சம் வெச்சா வீட்ல லட்சுமி தங்கமாட்டாடா.” மறுநாளிலிருந்து இலை துடைத்த மாதிரி இருந்தது. அம்மா பிள்ளை! அவரோடு முப்பது வருஷம் குடித்தனம் நடத்தினேன், அந்தக் கைப்பிடிச் சோற்றை மட்டும் மறக்கவில்லை.

தலைப்பிள்ளை வயிற்றில் இருந்தபோது முசிறியிலிருந்து அவள் அண்ணன் குடும்பம் வந்திருந்தது. எல்லோரும் சாப்பிட்டு முடித்துக் கூடத்தில் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார்கள். கடைசியாக நான் இலையில் உட்கார்ந்தபோது மிஞ்சியிருந்தது ஒரே கரண்டி; பசி காதை அடைத்தது. வெட்கத்தை விட்டுக் கேட்டேன்.

“அத்தை, இன்னும் ஒரு கரண்டி சோறு போடுங்க.”

அவள் என்னிடம் பேசவில்லை, கூடத்தைப் பார்த்துப் பேசினாள். “பாத்தீங்களா, பஞ்சத்துல அடிபட்டவ மாதிரி! ஏண்டி, பெத்தவங்க ஒனக்குச் சோறு போட்டு வளக்கலையா?”

கூடமே சிரித்தது. நான் இலையை என் பக்கமாக மடித்துவிட்டு எழுந்தேன். எதிர்ப்பக்கம் மடித்தால் அது சாவு வீட்டு வழக்கம், இனி இந்தச் சாப்பாடு வேண்டாம் என்று அர்த்தம். அந்த நேரத்திலும் அது எனக்கு ஞாபகம் இருந்தது, பாருங்கள். அப்புறம் அந்த வீட்டில் எதையும் நான் கேட்டதில்லை. குழந்தை பிறந்து, பால் போதாமல் கத்தியது. “இவ ராசி அப்படி” என்று தெருவெல்லாம் சொன்னாள். வயிறு எரியாதா?

அரிசிக்கு ஊரே வரிசையில் நின்ற அறுபதுகளில் அவள் செத்தாள். காரியம் முடிந்ததும் புத்தூரிலிருந்து வக்கீல் வந்து கூடத்தில் உயிலைப் படித்தார். நானும் ஓரகத்தியும் சமையலறைக் கதவுக்குப் பின்னால் நின்றோம். முசிறி நிலம் முழுக்க ஸ்ரீரங்கத்தில் அன்னதானத்துக்கு.

“எங்கள நடுத்தெருவுல நிறுத்திட்டாளே!” என்று கொழுந்தன் தலையில் அடித்துக்கொண்டார். கடை என்னவோ அவர்களுக்குத்தான் இருந்தது. நிலம் யாருக்குப் போனால் எனக்கு என்ன? வக்கீல் மேலே படித்தார்: “பந்தியில் மறுசோறு கேட்பவருக்கு இல்லையென்று சொல்லக்கூடாது. கேட்க வெட்கப்பட்டு உட்கார்ந்திருப்பவருக்குக் கேளாமலே போடவேண்டும்.”

ஓரகத்தி என் கையை இறுக்கிப் பிடித்தாள். “அக்கா, அப்ப அவங்களுக்குத் தெரிஞ்சிருக்கு.”

தெரிந்திருக்கிறது! பசி என்றால் என்னவென்றே தெரியாத ஜன்மம் என்று அதுவரை நினைத்திருந்தேன். இவளும் அதே சமையலறையில், அளக்காத சோற்றுக்குக் காத்து உட்கார்ந்தவள்தான். கேட்கக் கூசி எழுந்தவள்தான். அது எப்படி வலிக்கும் என்று அச்சுப் பிசகாமல் தெரிந்துகொண்டு எனக்குச் செய்திருக்கிறாள். பாவி. செத்த பிறகு ஊருக்கு மட்டும் தாயாகிவிட்டாள்.

அன்னதானத்தைக் கொழுந்தன் பொறுப்பில்தான் விட்டிருந்தாள். ஒருநாள் வீட்டில் யாரிடமும் சொல்லாமல் பஸ் ஏறி ஸ்ரீரங்கம் போனேன். ஆற்றில் குளித்து ஈரச்சேலையோடு வந்தவர்கள், பிச்சைக்காரர்கள், வெளியூர்க்காரர்கள். அவர்கள் வரிசையில் போய் உட்கார்ந்தேன். கொழுந்தன் ஓடி வந்தார்.

“அண்ணி! வீட்ல இல்லாத சோறா? நாலு பேர் பாத்தா என்ன நெனப்பாங்க? எந்திரிங்க.”

“பசிச்சவங்களுக்குத்தானே உங்கம்மா எழுதி வெச்சாங்க? எனக்குப் பசிக்குது தம்பி. வந்த நாள்லேருந்து பசிக்குது. போடச் சொல்லுங்க.”

அவர் விலகிப் போய்த் தூணோரம் நின்றார். என் இலையில் சாம்பார் சாதம் தீர்ந்தது. நான் கேட்கவில்லை. இலையைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். சோற்று வாளியோடு வந்த பரிசாரகர் என் முகத்தைப் பார்த்தார், நின்றார், கரண்டி நிறையப் போட்டார்.

“கூச்சப்படாதீங்கம்மா. அந்தம்மா அப்படித்தான் எழுதி வெச்சிருக்காங்க.”

அழுதுகொண்டே சாப்பிட்டேன். ஆத்திரத்தில் வந்த அழுகை. ரசத்துக்குப் போட்டார், மோருக்குப் போட்டார். மறுபடியும் வாளியைச் சாய்த்தபோது இலைக்குக் குறுக்கே கையை நீட்டி, “போதும்” என்றேன். அவள் இருந்தவரை அந்த வீட்டில் எனக்குச் சொல்ல வாய்க்காத வார்த்தை.

கொழுந்தன் தூணோரத்திலிருந்து என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் நன்றாகப் பார்க்கட்டும் என்றே மெதுவாக, இலையை எதிர்ப்பக்கம் மடித்துவிட்டு எழுந்தேன்.