சிகரட் காசில் போட்ட தகரம்

தேத்தண்ணிக் கடைக்காரனுக்குச் செலவு வெளியே எங்கும் இல்லை, கைக்கெட்டும் தட்டில்தான் இருக்கிறது. தில்லையடியில் என் கடைத் தட்டில் வைத்த சிகரட்டில் விற்றது பாதி, நான் குடித்தது பாதி. நீங்களும் கடை வைத்திருந்தால் இந்த நோய் உங்களுக்கும் தெரிந்திருக்கும்.

மச்சானின் வாய்

கடையின் முன்பக்கத் தகரம் முழுவதும் துரு, ஓட்டை. மழை வந்தால் என் ஆட்கள் கிளாஸை வைத்துவிட்டு எதிர்க்கடைக்கு ஓடுவார்கள். போன மாரியில் ஓடியவர்களில் அரைவாசிப் பேர் திரும்பி வரவில்லை. இன்னொரு மாரி இப்படிப் போனால் கடையை மூட வேண்டியதுதான்.

சிகரட்டை விடுகிறேன், அந்தக் காசைப் பால்மா டின்னில் போட்டு அடுத்த மழைக்கு முன் தகரம் மாற்றுகிறேன் என்றேன். மனைவியின் தம்பி வாங்குப் பலகையில் இருந்தார். கடை நிறைந்த ஆட்களுக்கு முன்னால் சிரித்துக்கொண்டே சொன்னார்: "நோன்பு திறக்கக்குள்ள பேரீச்சம்பழத்துக்கு முந்தி சிகரட்டத் தேடுற ஆள், இவரா விடப்போறார்?"

கைச்சீனி

சீனி விலை ஏறியபோது கிளாஸில் போடுவதை நிறுத்தினேன். தேத்தண்ணியை வெறுமையாக ஊற்றி, சீனியை உள்ளங்கையில் வைத்துக் கொடுத்தேன். நக்கி நக்கிக் குடித்தால் ஒரு கரண்டி போதும். எல்லாருக்கும் பிடித்தது.

உப்பளத்தில் வேலை செய்யும் ஒருவர், என்னை அண்ணன் முறையில் நானா என்று கூப்பிடுபவர், வேலை முடிந்து நேரே வந்து கையை நீட்டினார். நானும் பார்க்காமல் கொட்டிவிட்டேன். ஒரு நக்கில் அவர் முகம் கோணியது. "கையக் கழுவச் சொல்லியிருக்கலாமே நானா. இப்ப நான் தேத்தண்ணிய உப்புத் தொட்டுக் குடிக்கிறன்."

நடந்து மிச்சம் பிடித்தவர்

ஒருவர் காசு மிச்சம் பிடிக்க டவுனுக்கு நடக்கத் தொடங்கினார். பாதி வழியில் என் கடை. ஒரு பிளேன்டீ, இரண்டு ரோல்ஸ். திரும்பி வரும்போதும் அதேதான். த்ரீவீல் காசை விட இது கூட என்று என் வியாபாரத்துக்கு நானே மண் போட்டுச் சொன்னேன். "தெரியும் நானா. த்ரீவீலுக்குக் குடுத்தா வயிறு நிறையாதே."

மாரி

சிகரட்டை விட்ட முதல் கிழமை, சிகரட் கேட்டு வந்தவர்கள் மேலெல்லாம் எரிச்சல். ஒன்று பற்றவைக்கலாம் என்று பெட்டியைத் திறக்கும்போதெல்லாம் மச்சான் சிரித்த சிரிப்பு காதில் கேட்கும், மூடிவிடுவேன். டின்னில் காசு சேர்ந்த ஆறு மாதமும் அவருடைய கிளாஸுக்கு மட்டும் தேயிலைச் சாயத்தைக் குறைத்து, சுடுதண்ணியைக் கூட்டியே ஊற்றினேன். அதையும் மறைக்கவில்லை. மன்னித்து மறந்துவிடு என்று கடைக்கு வருகிறவர்கள் புத்தி சொன்னார்கள், நான் கேட்கவில்லை.

மழைக்கு ஒரு கிழமை இருக்கும்போது புதுத் தகரம் ஏறியது. முதல் பெருமழையில் ஒருவரும் எழும்பவில்லை. எதிர்க்கடையிலிருந்து நாலு பேர் என் பக்கம் ஓடிவந்தார்கள், நாலும் என் பழைய ஆட்கள். மச்சான் நடு வாங்கில் நனையாமல் இருந்துகொண்டு மேலே பார்த்தார். நான் அவர் வாயையே பார்த்தேன். கடைசியில் கிளாஸைத் தூக்கிக் காட்டினார். "தகரம் நல்லம் மச்சான். மழத்தண்ணி இதுக்குள்ள மட்டுந்தான் விழுந்திரிக்கி."

மன்னித்து மறந்துவிடு என்று எனக்குப் புத்தி சொன்னவர்கள் எல்லாரும் இப்போது அந்தத் தகரத்தின் கீழ்தான் நனையாமல் இருக்கிறார்கள்.