சீர்த்தட்டில் வந்த தாமரைத் தலையணை

பினாங்கில் ஆளுக்கொரு தலையணை. மலாய்க்காரர் வீட்டில் ஆள் நீளத்துக்கு ஓர் உருளை கிடக்கும். தலைக்கு இல்லை, கட்டிப் பிடித்துக்கொண்டு தூங்க. முதன்முதலில் பார்த்தபோது யாரோ போர்த்திப் படுத்திருக்கிறார்கள் என்று பதறிப் பின்வாங்கினேன். வெள்ளைக்காரர் பங்களாவில் ஆயாவாக இருந்த என் சித்தி, துரைசானியின் தலையணையில் வாத்து இறகு அடைத்திருக்கிறது என்று சொல்லி மூக்கைச் சுளிப்பாள். சீனர்களுடையதோ செங்கல் மாதிரி. தோலில், பிரம்பில், பீங்கானில்கூட. பீங்கானில் தலை வைத்து ஒரு மனுஷன் எப்படித் தூங்குவான்? நாங்கள் இலவம்பஞ்சு ஆட்கள். அப்படியே இருந்து தொலைத்திருக்கலாம்.

தாயில்லாத என்னை வளர்த்தவள் சித்திதான். எனக்குக் கல்யாணம் நிச்சயமானதும் சீர்வரிசைக்குப் பாயும் தலையணையும் வாங்க என்னையும் இழுத்துக்கொண்டு கிளம்பினாள். ஊரில் எவளும் கொண்டு போகாத தலையணையாக இருக்க வேண்டுமாம். சீனர் தெரு ஒன்றில், பெரிய பெரிய மரங்களைக் குடைந்து அடுக்கியிருந்த ஒரு பட்டறை. அதை ஒட்டியிருந்த கடையில் அது இருந்தது. நீலப் பட்டில் சின்னதாக, இரண்டு ஓரமும் தூக்கி, நடுவில் குழிந்து. அதன் மேல் அப்போதுதான் பூத்த மாதிரி ஒரு தாமரை, இழை இழையாகத் தைத்திருந்தது.

"தாமரைடி! மகாலட்சுமி உட்கார்ற பூ. இதைவிட என்ன வேணும்?"

நான் அழுத்திப் பார்த்தேன். "சித்தி, கல்லு மாதிரி இருக்கே. கழுத்து வலிக்காதா?"

"சீனன் தலையணைன்னா அப்படித்தான். உனக்கு ஒண்ணும் தெரியாது, சும்மா இரு."

கடைக்காரக் கிழவர் யாருக்கு என்று மலாயில் கேட்டார். வீட்டுப் பெண்ணுக்கு, பத்தொன்பது வயசு என்றாள் சித்தி. கிழவரின் முகம் விழுந்துவிட்டது. "அய்யோ, பாவம்" என்று முணுமுணுத்தபடி கேட்காமலே விலையைக் குறைத்தார். சோடியாகக் கொடுங்கள் என்றதற்கு அவளை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, ஒருவருக்கு ஒன்றுதான் என்றார். பேரம் பேசாமலே சாதித்துவிட்டோம் என்று சித்திக்கு வீடு வரும்வரை வாய் மூடவில்லை.

மாப்பிள்ளையின் அம்மா கல்யாணத்துக்காக நாகப்பட்டினத்திலிருந்து கப்பலில் வந்திருந்தார். சகுனம் என்றால் அவருக்கு உயிர். நிச்சயதார்த்தத்தன்று ஒற்றைத் தும்மல் கேட்டதற்கே தாம்பூலத் தட்டைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்தவர்.

கல்யாணத்தன்று காலை, தாலி கட்ட இன்னும் ஒரு நாழிகை. கூடத்தில் சீர்த்தட்டுகளைப் பரப்பியிருந்தார்கள். பட்டுப்புடவைக்குப் பக்கத்தில் அந்தத் தலையணை. அறைக்கதவு இடுக்கு வழியாக நான் பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டு நோன்யா அக்கா சிரித்துக்கொண்டே உள்ளே வந்தாள். மலாய் பேசும் சீன வீட்டுப் பெண்களை நாங்கள் நோன்யா என்போம். இந்த நோன்யாவின் வீட்டு அடுப்படியில்தான் நான் பாதி வளர்ந்தேன். தட்டுகளைப் பார்த்துக்கொண்டே வந்தவளுக்குச் சட்டென்று முகத்தில் ரத்தமே இல்லை. தலையணையை வாரி எடுத்துக்கொண்டு பின்வாசல் வழியாக ஓடினாள். கல்யாண வீட்டில்! அத்தனை பேர் பார்க்க!

"அடிப்பாவி! சீரைத் தூக்கிக்கிட்டு ஓடறாளே, திருடி!" என்று மாப்பிள்ளையின் அம்மா அலறினார். மேளம் நின்றது. "முகூர்த்த நேரத்துல சீர் வாசல் தாண்டிப் போகுதே! இந்தக் கல்யாணம் நடந்த மாதிரிதான்!"

கொஞ்ச நேரத்தில் நோன்யா பின்பக்கமாக என் அறைக்குள் வந்தாள். கையெல்லாம் கரி. இடுப்பில் அவள் கட்டிலிலிருந்த தலையணை, இரண்டு முனையிலும் வெள்ளித் தகடு வைத்தது. மெதுவாக மலாயில் சொன்னாள்.

"எரிச்சுட்டேன். அது செத்தவங்க தலைக்கு வைக்கிறது. பெட்டிக்குள்ள."

குடைந்து அடுக்கியிருந்த மரங்கள் ஞாபகம் வந்தன. அவை சவப்பெட்டிகள்! கிழவர் என்னைச் செத்தவளின் அக்கா என்றோ தங்கை என்றோ நினைத்திருக்கிறார்!

"உனக்கு எப்படித் தெரியும், அக்கா?"

"எங்க ஆளுங்க உயிரோட இருக்கறப்பவே வாங்கி வச்சுக்குவாங்க. என் துணிப்பெட்டியில ஒண்ணு இருக்கே. அதே கடை. நானே பார்த்து வாங்கினது."

தன் பிணத்துக்குத் தானே தலையணை வாங்கி வைத்திருக்கிறாள்! அதைப் புடவை வாங்கிய கதை மாதிரி சொல்கிறாள்! நான் வாயைப் பொத்திக்கொண்டேன்.

"அந்தம்மாகிட்ட சொல்லாதே. கல்யாணம் நின்னுடும்லா. நான் திருடின்னே இருக்கட்டும். இதைத் தட்டுல வை."

வெளியே திருடி, திருடி என்று ஏசுவது நிற்கவில்லை. அவளுக்குத் தமிழ் நன்றாகப் புரியும். தலையைக் குனிந்து நின்றாள். எனக்கு எங்கிருந்துதான் அத்தனை ஆத்திரம் வந்ததோ. மணப்பெண் வெளியே வரக்கூடாது என்று அறைவாசலில் நின்ற சித்தி கையைப் பிடித்தாள். உதறிவிட்டுக் கூடத்துக்குப் போய் நின்றேன்.

"அவ திருடி இல்லை! நாங்க வாங்கினது பிணத்துக்கு வைக்கிற தலையணை. அதைக் கொண்டுபோய் எரிச்சுட்டு, தன்னோடதைக் குடுக்கிறா. கல்யாணம் நிக்கறதா இருந்தா நிக்கட்டும்!"

சித்தி தரையில் உட்கார்ந்து தலையில் கை வைத்துக்கொண்டாள். மாப்பிள்ளையின் அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"முழுசா எரிச்சாச்சா?" என்றார்.

"ஆச்சு."

"அப்ப பீடை அதோட போச்சு." பிறகு சித்தி பக்கம் திரும்பினார். "உனக்குக் கண்ணு என்ன பிடரியிலயா இருந்துச்சு? எழுந்திரு. அந்தம்மாவைத் தலைக்கு ஊத்திட்டு வரச் சொல்லு. வந்து முன்வரிசையில, என் பக்கத்துல உக்காரட்டும். மேளக்காரங்க என்னத்தப் பார்த்துக்கிட்டு நிக்கிறாங்க?"

ஈரத் தலையோடு நோன்யா முன்வரிசையில் உட்கார்ந்திருக்க, எனக்குத் தாலி ஏறியது.

அந்த வெள்ளி முனைத் தலையணையில்தான் அதன்பின் நான் தூங்கினேன். என் மூத்த பெண் பேச ஆரம்பித்த வருஷம் நோன்யா இறந்துவிட்டாள் என்று ஆள் வந்தது. கையில் கிடைத்ததோடு ஓடினேன். பெட்டிக்குள் படுத்திருந்தாள். தலைக்குக் கீழே நீலப் பட்டு, அதே தாமரை. அது அங்கே இருக்கும் என்று தெரிந்ததுதான். ஆனாலும் நான் கொண்டுபோயிருந்தது அவள் எனக்குக் கொடுத்த வெள்ளி முனைத் தலையணையை. இதை வையுங்கள் என்று அவள் மகனிடம் நீட்டினேன். அம்மாவே தேடி வாங்கியது அக்கா, மாற்றக் கூடாது என்று அவன் அழுதான்.

"கல்லு மாதிரி இருக்குமேடா, அவளுக்குக் கழுத்து வலிக்குமேடா!" என்று அத்தனை சீனர்கள் நடுவில் நான் தமிழில் கத்தினேன்.