பூவம்மாள் பிடுங்கிய செடி

பூவம்மாளுக்குச் செடிப் பைத்தியம் என்பது ஆம்பூரில் அந்தத் தெருவுக்கே தெரியும். பகலெல்லாம் தோல் தொழிற்சாலையில் ஈரத்தோலைச் சுமந்து வெயிலில் காயப்போடுகிறவள், வீட்டுக்கு வந்ததும் முகம் கழுவுகிறாளோ இல்லையோ, வாசல் செடிகளைப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே போவாள். தோல் வாடை மூக்கை விட்டுப் போக அவளுக்கு ஒரு பூ வேண்டியிருந்தது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளின் தொடக்கத்தில் மழை கைவிரித்துவிட்டது. பாலாற்று மணலில் ஊற்றுத் தோண்டி, குடிக்கிற தண்ணீருக்கே சண்டை போட்ட காலம். ரோஜா போயிற்று, கனகாம்பரம் போயிற்று, சாமந்தி சொல்லிக்கொள்ளாமலே போயிற்று. கடைசியில், ரயில் பாதையோரச் சரளையில் ரோஸ் நிறத்தில் பூத்துக்கிடந்த ஒரு செடியைக் கொண்டுவந்து வாசலின் இரண்டு பக்கமும் நட்டாள். அரிசி களைந்த தண்ணீர் மிஞ்சினால் ஊற்றுவாள்; மிஞ்சாத நாளில் அதுவும் கேட்காது. அதன் கசப்புக்கு ஆடுகூட வாய் வைக்காது. தெருவே காய்ந்து கிடக்க, அவள் வாசலில் மட்டும் தினமும் பூ. ஊர் அதைச் சுடுகாட்டுப் பூ என்றது. அங்கே பூக்கிறது இங்கே பூத்தால் என்ன குறைந்துவிட்டது என்று பூவம்மாள் சிரித்துவிடுவாள்.

மகள் அம்சவேணியைப் பெண் பார்க்கத் திமிரியிலிருந்து வருகிறார்கள் என்றதும் அந்தச் சிரிப்பு போய்விட்டது. ஏற்கெனவே இரண்டு இடம், தோல் வேலைக்காரி மகள் என்று தட்டிப்போயிருந்தது. அம்சவேணி வெளியே காட்டிக்கொள்ளவில்லை. பெற்றவளுக்குத்தான் வயிறு எரிந்தது.

அன்று காலை பக்கத்து வீட்டு சவுரியம்மாள் வந்தாள். நல்ல மனசுக்காரி, நாக்குதான் கொஞ்சம் அவசரம். தன் புருஷன் கல்லறையைச் சுற்றி இதே பூதான் பூத்திருக்கிறது, வருகிறவர்கள் கண்ணில் முதலில் இதுவா பட வேண்டும் என்றாள். இருவருமாகப் பிடுங்க ஆரம்பித்தார்கள். ஒரு பக்கம் முடிந்து மறுபக்கத்துக்குக் கை போவதற்குள் ஜட்கா வண்டி வந்து நின்றது.

இறங்கிய மாப்பிள்ளையின் அம்மா செண்பகம், செடிக் குவியலைப் பார்த்தாள். பூவம்மாளின் மண் கையைப் பார்த்தாள்.

"இன்னாம்மா இது? கல்யாணம் பேச வர்ற அன்னிக்கு நித்தியகல்யாணிய வேரோட பிடுங்கிப் போட்டிருக்கீங்க?"

திமிரியில் அதற்கு அதுதான் பேராம். கோயிலில் பிள்ளையாருக்குத் தினம் சாத்துகிற பூவாம். பூவம்மாள் காதில் அந்தப் பேர் அன்றுதான் விழுந்தது. மூன்றாவது இடமும் போயிற்று, அதுவும் தன் கையாலேயே என்று நினைத்ததும் அழுகை முட்டிக்கொண்டு வந்தது. சவுரியம்மாள் மெதுவாகச் சுவரோரம் ஒதுங்கினாள். பூவம்மாளுக்குப் பொய் சொல்ல வரவில்லை.

"எங்க ஊர்ல இது சுடுகாட்டுப் பூங்க. மழ இல்லாத காலத்துல எங்கூட நின்னது இது ஒண்ணுதான். எம் பொண்ணுக்கு ஆவாம போய்டுமோன்னு பயந்துட்டேன்."

பிடுங்காமல் விட்ட பக்கத்தில் செண்பகம் குனிந்து மண்ணைத் தொட்டாள்; பொடிப்பொடியாக உதிர்ந்தது. எழுந்து உள்ளே போனாள். அம்சவேணி காபி கொடுத்தாள். மாப்பிள்ளை ராமமூர்த்தி டம்ளரை விட்டுக் கண்ணை எடுக்காமல் இருக்கப் பார்த்து, முடியாமல் இரண்டு தடவை அவளைப் பார்த்தான். பேச்சு ஊர் உலகமெல்லாம் சுற்றியது. வர வேண்டிய வார்த்தை மட்டும் வரவில்லை.

வண்டி ஏறப் போன செண்பகம் வாசலில் நின்றாள்.

"சின்னதா பாத்து நாலு செடி மண்ணோட குடுங்க, சம்மந்தி. எங்க வீட்டுக் கெணறும் வத்திப்போச்சு, வாசல்ல ஒண்ணும் நிக்கல. அம்சவேணி வர்றதுக்குள்ள இது பூத்துடும்."

பூவம்மாள் கடப்பாரை தேடவில்லை. அழுதுகொண்டே பத்து விரலாலும் தோண்டினாள். வேர்மண்ணைச் சுற்றிக் கட்ட ஈரச் சாக்கோடு ஓடி வந்தாள் சவுரியம்மாள்.